மூன்று பெட்டியிலும் அதே சின்ன எழுத்து

என் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வேலைக் கொப்பியில் இரண்டு வரிதான்: என்ன சாப்பிட்டார், மலம் போனதா, நாடி எத்தனை. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று எழுதிய தாளை இன்று அரிசி வாளிக்குள்ளிருந்து எடுத்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. அதனால்தான் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கேட்டவர் சுகந்தி. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வெள்ளவத்தை வீடுகளுக்குப் பெண்களை அனுப்பும் இடம் ஒன்றை இப்போது அவர்தான் நடத்துகிறார். அங்கே நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். "பாக்கியம் அக்கா, புதுப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டலாம், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்றார். பாசமாகப் பேசுவது, பொறுமையாகச் சோறு ஊட்டுவது என்று ஏதாவது எழுதுவேன் என நினைத்திருப்பார். அதற்கு வேறு ஆளைப் பிடிக்கட்டும். நான் குளிசையைப் பற்றி, மருந்து மாத்திரையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

காரணம் அந்தப் போன். புதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு போன் கொடுத்திருக்கிறார்கள். நேரம் வந்தால் அது பாட்டுப் பாடும். பிள்ளை குளிசையைக் கொடுத்துவிட்டு ஓரிடத்தில் தட்டினால் பச்சையாக ஒரு சரி அடையாளம் விழும். அந்தப் பச்சை அதே நிமிடத்தில் கனடாவிலோ எங்கேயோ இருக்கும் அந்த வீட்டு மகளுக்கும் தெரியுமாம். மகள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவாராம். போன மாதம் ஒரு பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இந்த மஞ்சள் குளிசை எதுக்கும்மா குடுக்கிற?"

"எட்டு மணிக்கு, ஆன்ட்டி."

நான் கேட்டது எதற்கு என்று. அவள் சொன்னது எப்போது என்று. திரும்பக் கேட்டேன். "போன்ல அதெல்லாம் இல்ல ஆன்ட்டி, டைம் மட்டுந்தான் இருக்கு" என்றாள். அவளில் பிழையில்லை. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பச்சை விழுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். குளிசை போய் விழுந்த வயிறு என்ன பாடு படுகிறது என்று காட்ட அந்தப் போனில் ஒரு நிறமும் கிடையாது.

எனக்கு வேலை பழக்கியவர் மேட்ரன் அம்மா. அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்று, கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முன்னறையில் இந்த இடத்தைத் தொடங்கியவர். நான் ஜிந்துப்பிட்டியில் இருந்து நடந்தே போவேன். மூன்று வாரம் பழக்கினார். படுக்கையில் ஆளைப் புரட்டுவது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, நாடி எண்ணுவது. "ஒரு நிமிசம் முழுக்க எண்ணு. அரை நிமிசம் எண்ணிப்போட்டு ரெட்டிப்பாக்கிறது சோம்பேறியளின்ர வேலை" என்பார். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். கடைசியில் நமக்குக் காது கேட்கவில்லையோ என்று குனிய வேண்டிவரும்.

புது வீட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு முன் மேட்ரன் அம்மா தானே போய் ஒரு காரியம் செய்வார். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுபோவார். அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வார். எல்லாம் என்றால் எல்லாம். குளிசை, பாணி, தைலம், கண்ணுக்கு விடுவது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, லேகியம், ஃப்ரிட்ஜின் முட்டைத் தட்டில் இருப்பது, கைப்பைக்குள் இருப்பது. வீட்டுக்காரர்கள் முதலில் ஒரு பை கொண்டுவருவார்கள். "இவ்வளவுந்தானோ?" என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சும்மா இருப்பைத் தாங்க முடியாது. எழும்பிப் போய் இன்னொரு பை கொண்டுவருவார்கள். பிறகு ஒரு பிஸ்கட் டின். ஒரு வீட்டில் நாலாவது தடவையாகக் கொண்டுவந்தது, செத்துப்போன தாத்தாவின் குளிசைகள். காசு கொடுத்து வாங்கியது, எறிய மனம் வரவில்லையாம்.

பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஒரே கேள்வி கேட்பார். "இது என்னத்துக்கு?" பதில் தெரிந்தது விரிப்பின் வலது பக்கம் போகும். தெரியாதது இடது பக்கம். படித்த குடும்பங்கள், இஞ்சினியர், எக்கவுண்டன்ட், பேங்க் மனேஜர். இடது பக்கம்தான் எப்போதும் குவியும். காருக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்று தெரிந்து வைத்திருப்பார்கள். அப்பாவின் வாய்க்குள் என்ன போகிறது என்று தெரியாது. இடது பக்கத்தையும் மேட்ரன் அம்மா குப்பையில் போடமாட்டார். "டக்கெண்டு நிப்பாட்டினா ஆளைக் கொல்லுற குளிசையும் இருக்கு. டொக்டரிட்டக் கொண்டு போங்கோ, அவர் சொல்லட்டும்" என்று பையில் கட்டி வீட்டுக்காரரின் கையிலேயே கொடுப்பார்.

எங்களுக்கு அவர் சொல்லித் தந்த இன்னொன்று, எழுத்துப் பார்ப்பது. "பெட்டியில பெரிசா இருக்கிறது கொம்பனிக்காரன் வைச்ச பேர். அதைப் பாக்காதை. அதுக்குக் கீழ சின்னதா ஒண்டு இருக்கும். அதுதான் மருந்து." எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்றேன். "ஆர் உன்னை வாசிக்கச் சொன்னது? கோலம் பாத்துப் போடுற மாதிரிப் பாத்துக் கீறு" என்றார். அப்படித்தான் நான் பழகினேன். எந்த வீட்டிலும் என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சின்ன எழுத்துகளைக் கீறி வைப்பேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு நகைக்கடைக்காரர் வீடு. அவருடைய அம்மாவுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் வெறும் தண்ணீரும் இளநீரும் என்று அந்த அம்மா பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். மருமகள்கள் இரண்டு பேரும் விரதத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதே நேரம் சீனிக் குளிசையையும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "மருந்து சாப்பாடு இல்லியே, அதால விரதம் முறியாது" என்று எனக்கு விளக்கம் வேறு. இரத்தத்தில் இருக்கிற சீனியை இறக்குவதற்குத்தான் அந்தக் குளிசை. சாப்பாடே போகாத உடம்பில் அது எதை இறக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் முதல் இரண்டு நாள் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. மூத்த மகனைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு செத்துப்போன புருஷனைக் கூப்பிட்டார். மகன் ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்தினார்.

"அம்மாவுக்கு அருள் வந்திருச்சு. எல்லாரும் வாங்க."

கடையில் இருந்தவர்களும் மேலே வந்துவிட்டார்கள். பத்துப் பேர் கைகூப்பி நிற்கிறார்கள். இளைய மருமகள் காலில் விழுந்து, "என் தம்பிக்குக் கனடா விசா கெடைக்குமா, சொல்லுங்க சாமி" என்று கேட்டார்.

"கதவச் சாத்துடி" என்றார் அந்த அம்மா.

விசா கிடைக்காது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று மருமகள் அழத் தொடங்கினார். நான் குசினிக்குப் போய்ச் சீனியைக் கரைத்துக்கொண்டு வந்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து தலையைப் பிடித்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கரண்டியால் ஊற்றினேன். கால் மணி நேரத்தில், "ஏன்டா எல்லாரும் கடையப் போட்டுட்டு இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார். அருள் இறங்கிவிட்டது. ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. விரதம் முறிந்துபோனதே என்றுதான் மருமகள்கள் முணுமுணுத்தார்கள்.

அடுத்த நாள் மேட்ரன் அம்மா வந்து மகனிடம் மெல்லிய குரலில் கேட்டார். "தம்பி, முருகன் விரதம் கேட்டவர் சரி. சீனிக் குளிசையும் கேட்டவரோ?"

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இதற்குப் பிறகு எனக்கு என் வேலை தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. சீனித் தண்ணீர் கொடுக்க நான் வாய் திறந்து பேசத் தேவையில்லை, கை போதும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

இனி ரீச்சரின் கதை.

வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கொழும்பில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். வயது எண்பத்திரண்டு. எனக்கே அப்போது அறுபது தாண்டிவிட்டது, என்றாலும் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். மகன் லண்டனில், மகள் கனடாவில். அவருக்குப் பிறஷர் பார்த்த ஸ்பெஷலிஸ்ட் டொக்டர், முன்பு அவரிடம் கணக்குப் படித்தவர். இந்த மூன்று பேருக்கும் ரீச்சரில் அவ்வளவு அன்பு. அந்த அன்புதான் அவரைக் கிட்டத்தட்டக் கொன்றது.

நான் அங்கே போன புதிதில் அவர் மிடுக்காக இருந்தார். மீன்காரனிடம் சிங்களத்தில் பேரம் பேசுவார். கொப்பியில் நான் எழுதும் தமிழில் பிழை பிடித்துச் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவார். ஆறேழு மாதத்தில் ஆள் அணைந்துகொண்டே வந்தார். கதிரையில் இருந்து எழும்பினால் தலை சுற்றும். கை கால் சில்லென்று இருக்கும். பகலெல்லாம் தூக்கம். ஒரு நாள் என்னிடம், "பிள்ளை, இண்டைக்குப் பள்ளிக்கூடம் லீவோ?" என்று கேட்டார்.

காலையில் நாடி எண்ணி எழுதுவது எங்கள் ஒழுங்கு. ஐம்பதுக்குக் கீழே போனால் உடனே மேட்ரன் அம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டும். இதைக் கனடா மகள் வீடியோவில் பார்த்துவிட்டார். "ஒவ்வொரு நாளும் கையைப் பிடிச்சு எண்ணினா அம்மா தன்னை நோயாளி எண்டு நினைப்பா. இது வீடு, ஹொஸ்பிடல் இல்லை. நிப்பாட்டுங்கோ" என்றார். நானும் நிறுத்தினேன். மேட்ரன் அம்மாவிடம் சொல்லவுமில்லை. மகள் படித்தவர், கனடாவில் பெரிய உத்தியோகம். நான் யார்.

மாதம் ஒரு தடவை ஸ்பெஷலிஸ்டிடம் போவோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தால் நாலு நிமிடம் பார்ப்பார். "ரீச்சர், நான் தந்த குளிசையை ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று கேட்பார். "ஓம் மகன், ஒருநாளும் விடுறேல்லை" என்பார் ரீச்சர். அதில் ஒரு பொய்யும் இல்லை. வேறு என்ன எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்தாவது நிமிடம் ஆகியிருக்கும் அல்லவா.

ஒரு வெள்ளிக்கிழமை சாமி அலுமாரியைத் துடைத்தேன். படங்களுக்குப் பின்னால், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் போத்தலும் ஒரு நீலப் பெட்டியும் இருந்தன. வேலையில் சேர்ந்தபோது மேட்ரன் அம்மா விரிப்பு விரித்தார்தான். அந்த நேரம் இவை இருக்கவில்லை. பிறகு வந்தவை. போத்தல் கனடாவில் இருந்து, பெட்டி லண்டனில் இருந்து. யார் யாரோ கொழும்புக்கு வரும்போது சூட்கேஸில் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டையும் ரீச்சர் தன் கையாலேயே எடுத்துப் போடுவார், வீடியோவில் பிள்ளைகள் பார்க்க. முன்பு ஒருநாள் நான் கேட்டபோது, "அது விட்டமின், பிள்ளை" என்றிருந்தார்.

நான் போத்தலின் சின்ன எழுத்தைக் கொப்பியில் கீறினேன். பெட்டியின் சின்ன எழுத்தை அதற்குக் கீழே கீறினேன். சாப்பாட்டு மேசையில் இருந்த கொழும்புக் குளிசையின் சின்ன எழுத்து ஏற்கெனவே கடைசிப் பக்கத்தில் இருந்தது. மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒன்றேதான். ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று இதய வடிவம். உள்ளே இருக்கும் மருந்து ஒன்று.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்தது. இங்கத்தைய மருந்து சரியில்லை என்று மகள் அங்கிருந்து அதே மருந்தை அனுப்பியிருக்கிறார். "இனி இதை மட்டும் போடுங்கோ அம்மா." கனடாவில் படுக்கப் போகும் நேரம் இங்கே விடிகாலை. அந்த நேரம் மகள் கூப்பிடுவார், ரீச்சர் மகளின் குளிசையைப் போட்டுக் காட்டுவார். மகனுக்கு அக்கா அனுப்பியதில் நம்பிக்கையில்லை. லண்டன் மருந்துதான் மருந்து என்று அவரும் அனுப்பினார். "இதை மட்டும் போடுங்கோ அம்மா." அவர் கூப்பிடுவது இங்கே மாலை. அப்போது மகனின் குளிசை. நடுவில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, தன் மாணவன் எழுதித் தந்தது. அதை நானே கொடுத்தேன். மகள் அனுப்பியதைப் போட்டு மகன் அனுப்பியதைப் போடாமல் விட்டால் மகன் மனம் நோகும். இரண்டையும் போட்டு மாணவனுடையதை விட்டால் அவனை மதிக்காத மாதிரி. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு தாய் சரிசமமாக நடந்திருக்கிறார். கணக்கு ரீச்சர். இந்தக் கணக்கை மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை.

அங்கே டொக்டர் எழுதித் தரும் மருந்துத் துண்டு இல்லாமல் இந்தக் குளிசைகளை எப்படி எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரோ தெரிந்தவராம். தெரிந்தவர்களுக்கு எப்போதும் குறைவில்லை.

நான் அந்த வெள்ளிக்கிழமையே வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்தவள் கீறிய எழுத்தை யார் நம்புவார் என்று யோசித்தேன். சாமி அலுமாரியின் கீழ்த் தட்டில்தான் ரீச்சரின் தாலிக்கொடியும் இருந்தது. அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். இப்படி யோசிப்பதற்கு எனக்கு நிறைய நேரம் இருந்தது. ரீச்சருக்கு இருக்கவில்லை. கொழும்புக் குளிசையை என் கையால்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், தெரிந்துகொண்டே.

புதன்கிழமை குளியலறையில் ரீச்சர் மயங்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர், "வயசு போனா தலைசுத்து வரும்தானே" என்றார். கட்டு அழகாகப் போட்டார். ஏன் விழுந்தார் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்றாக வீடியோவில் வந்தார்கள். அம்மாவுக்கு டிமென்ஷியா என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஹெவ்லொக் டவுனில் ஒரு முதியோர் இல்லம் பார்த்தாயிற்று, புதன்கிழமை கூட்டிப்போக ஆள் வரும், வீட்டைப் பூட்டிவிடலாம். என்னை உடுப்பு அடுக்கச் சொன்னார்கள். ரீச்சர் பக்கத்திலேயே இருந்தார். அவரைப் பற்றி அவர் முன்னாலேயே, அவர் இல்லாத மாதிரிப் பேசினார்கள். போனை வைப்பதற்கு முன் மகன் கேட்டார்: "அம்மா, நான் அனுப்பினதைப் போட்டனீங்களோ?"

"ஓம் ராசா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, என்னை எங்க கொண்டுபோகினம்?"

"ஒரு நல்ல எடத்துக்குங்க ரீச்சர்."

"நான் என்ன பிழை விட்டனான்?"

சேலையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய இடது கையைப் பிடித்தேன். வலது கை கட்டுக்குள். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். நாற்பத்து நான்கு. திரும்ப எண்ணினேன். அதே நாற்பத்து நான்கு. வெளியே பல்கனிக்குப் போய் மேட்ரன் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். ரயில் போனது. அது போகும் வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கியம், ஏன் பேசாமல் நிக்கிறாய்?"

"அம்மா, மூணு பொட்டியிலயும் ஒரே சின்ன எழுத்துங்க அம்மா. நாடி நாப்பத்தி நாலுங்க."

வேறு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. "இனி ஒண்டும் குடுக்காதை. கதவைத் திறந்து வை" என்றார். முக்கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். அன்று விரிப்புக் கொண்டுவரவில்லை. போத்தலையும் பெட்டிகளையும் ரீச்சரின் கிளினிக் கொப்பியையும் ஒரு சீலைப் பையில் போட்டார். ரீச்சரை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் வயர் ஒட்டி மெஷினில் போட்டார்கள். அந்தக் குளிசை நெஞ்சு அடிக்கும் வேகத்தைக் குறைத்துப் பிறஷரை அடக்குவது. ஒன்று போட்டால் மருந்து. மூன்று போட்டதில் நெஞ்சு நிற்கப் போகும் மணிக்கூடு மாதிரி ஆகியிருந்தது.

மாலையில் ஸ்பெஷலிஸ்ட் வந்தார். மேட்ரன் அம்மா மூன்றையும் கட்டிலில் அவர் முன்னால் வரிசையாக வைத்தார்.

"நான் ஒண்டுதானே எழுதினனான்" என்றார் அவர்.

"ஓம் டொக்டர், ஒண்டுதான். வேற என்ன குளிசை குடிக்கிறா எண்டு கேட்டனீங்களோ?"

இதை அவ்வளவு மெதுவாகக் கேட்டார். டொக்டர் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. அவருக்கு ஆத்திரம் வரும் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரீச்சரின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு நிமிடத்துக்கு மேலே அவர் ஓரிடத்தில் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எதை நிறுத்துவது, எதை எவ்வளவுக்குத் திரும்பத் தொடங்குவது என்பதெல்லாம் அவர் மெஷினைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். நாங்கள் தொடவில்லை.

பிள்ளைகளிடம் பேசியது மேட்ரன் அம்மா. வீடியோவில் இரண்டு பேரும். மகள் முதலில் கேட்டது, வேலைக்காரி சாமி அலுமாரியை ஏன் கிண்டினாள் என்று. மகன் சொன்னது, லண்டன் மருந்தில் பிழை இருக்க வாய்ப்பே இல்லை என்று. மேட்ரன் அம்மா இரண்டையும் கேட்டு முடித்தார்.

"ரெண்டு பேருக்கும் அம்மாவில நல்ல அன்பு. இனி அதைக் குளிசையா அனுப்பாதையுங்கோ. சொக்லேட்டா அனுப்புங்கோ. அதையும் டொக்டரைக் கேட்டிட்டு அனுப்புங்கோ."

மூன்று வாரத்தில் ரீச்சர் திரும்ப மீன்காரனோடு பேரம் பேசினார். முதியோர் இல்லத்துக்கு அடுக்கிய உடுப்பை நானே திரும்ப அலுமாரியில் வைத்தேன். டிமென்ஷியா எங்கே போனது என்று பிள்ளைகளில் ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில், தான் அனுப்பிய லண்டன் மருந்தால்தான் அம்மா தப்பினார் என்று மகன் சொந்தக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு எனக்கு உரிமை இருக்கவில்லை.

ஏனென்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேட்ரன் அம்மா என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று வரி. பக்கத்தில் நான் எழுதி வைத்த திகதி. விரலை அதில் வைத்துக் கேட்டார்.

"இது முந்தநாள் வெள்ளியோ, அதுக்கு முதல் வெள்ளியோ?"

"அதுக்கு மொதல் வெள்ளிங்க அம்மா."

அவர் கொப்பியை மூடி என் மடியில் வைத்தார். வைத்துவிட்டு ரீச்சரைப் பார்க்க உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் வேலை செய்த வருடங்களில் அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரீச்சரின் மணிக்கட்டு கோணலாகத்தான் பொருந்தியது. சிவப்புப் பேனையைப் பிடிக்க முடியவில்லை. கடைசி வரைக்கும் என் கொப்பியை வாங்கிப் பார்ப்பார், பிழையை இடது கை விரலால் தொட்டுக் காட்டுவார், நான்தான் வட்டம் போட்டுக்கொள்வேன்.

சுகந்தி, இதைப் பிள்ளைகளுக்கு வாசிப்பதற்கு முன் ஒருவரிடம் காட்ட வேண்டும். நான் குளிசை பற்றி எழுதியதெல்லாம் மேட்ரன் அம்மா சொன்னதும் என் கண்ணால் பார்த்ததும்தான். சீனிக்கு எது, பிறஷருக்கு எது, விரதம் இருக்கிறவருக்கு என்ன செய்வது, நாடி எத்தனைக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும், இதையெல்லாம் தெரிந்த ஒரு டொக்டரோ பாமசிக்காரரோ வாசித்துப் பிழையான இடத்தில் வட்டம் போடட்டும். ஆட்களின் வயதும் கிழமைகளும் எனக்கு மாறியிருக்கலாம், பழைய கொப்பிகள் உங்களிடம் இருந்தால் அதையும் பாருங்கள்.

அந்த வெள்ளிக்கும் நான் போன் எடுத்த ஞாயிறுக்கும் இடையில் ஒன்பது நாள். அதை மட்டும் யாரும் சரிபார்க்கத் தேவையில்லை.